நால்வர் ஆரம்பித்த கட்சி

வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம் என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்காகத் தொடங்கப்படும் கட்சிகள் ஏனோ நீடிப்பதில்லை. இதற்கு நல்ல உதாரணம், பிரிட்டனின் சோஷியல் டெமாக்ரடிக் பார்ட்டி. சுருக்கமாக எஸ்.டி.பி.

1979 தேர்தலில் மார்கரெட் தாட்சரிடம் தோற்ற தொழிற்கட்சி, வேகமாக இடதுபக்கம் சாய்ந்தது. அணு ஆயுதங்களை பிரிட்டன் தானாகவே கைவிட வேண்டும், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று 1980 மாநாட்டில் முடிவெடுத்தார்கள். அதுவரை எம்.பி.க்கள் மட்டுமே கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 1981 ஜனவரி 24-ல் வெம்பிளியில் கூடிய சிறப்பு மாநாடு, அதில் 40 சதவீத ஓட்டைத் தொழிற்சங்கங்களுக்குக் கொடுத்தது.

மறுநாளே நான்கு முன்னாள் அமைச்சர்கள் தனிவழி போவதற்கான அறிக்கையை வெளியிட்டார்கள். ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ். சீனத்து 'நால்வர் கும்பல்' என்ற பட்டப்பெயரையே பத்திரிகைகள் இவர்களுக்கும் சூட்டின! மார்ச் 26-ல் கட்சி பிறந்தது. தொழிற்கட்சியிலிருந்து மொத்தம் 28 எம்.பி.க்கள் வந்து சேர்ந்தார்கள். கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்.

ஆரம்பம் அமர்க்களம்தான். லிபரல் கட்சியுடன் கூட்டணி அமைந்தது. 1981 நவம்பரில் கிராஸ்பி இடைத்தேர்தலில், கன்சர்வேடிவ் கட்சி 19,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வைத்திருந்த தொகுதியை ஷெர்லி வில்லியம்ஸ் தட்டிப் பறித்தார். அந்த டிசம்பரில் ஒரு கருத்துக்கணிப்பு கூட்டணிக்கு 50 சதவீத ஆதரவு காட்டியது. அடுத்த ஆட்சி இவர்களுடையதுதான் என்றே பலர் நம்பினார்கள்.

பிறகு 1982-ல் ஃபாக்லாந்து போர் வந்தது. பொருளாதாரமும் மெல்லத் தேறியது. தாட்சரின் செல்வாக்கு ஏறியது.

1983 தேர்தல் முடிவைப் பாருங்கள். தொழிற்கட்சிக்கு 27.6 சதவீத ஓட்டு, 209 இடங்கள். கூட்டணிக்கு 25.4 சதவீத ஓட்டு, வெறும் 23 இடங்கள்! அதில் எஸ்.டி.பி.க்குக் கிடைத்தது 6. ஏன் இப்படி? நம் ஊர் போலவே அங்கும் தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி. தொழிற்கட்சியின் ஓட்டு தொழில் நகரங்களில் குவிந்திருந்தது. கூட்டணியின் ஓட்டோ நாடெங்கும் பரவிக் கிடந்ததால், ஏராளமான தொகுதிகளில் இரண்டாம் இடம்தான் மிச்சம்.

1987-லும் இதே கதை. கட்சியின் பெரும்பகுதி 1988-ல் லிபரல்களுடன் இணைந்தது. அதுதான் பின்னர் லிபரல் டெமாக்ரட் கட்சி ஆனது. ஓவன் மட்டும் மறுத்து, பழைய பெயரிலேயே தனிக்கடை நடத்தினார். 1990 மே மாதம் பூட்டில் இடைத்தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 155 ஓட்டு. கேலிக்காகவே போட்டியிடும் மான்ஸ்டர் ரேவிங் லூனி கட்சிக்கு 418! அதோடு ஓவன் கடையை மூடினார்.

அப்படியானால் எல்லாம் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிற்கட்சி மெல்ல மெல்ல நடுவுக்குத் திரும்பி, 1997-ல் டோனி பிளேர் தலைமையில் ஜெயித்தது. அப்போது அது பேசிய பலவும் எஸ்.டி.பி. முன்பே பேசியவைதான். இன்னொன்று. 2024 தேர்தலில் லிபரல் டெமாக்ரட்டுகள் வாங்கியது 12.2 சதவீதம்தான், ஆனால் 72 இடங்கள். 1983-ல் வாங்கியதில் பாதி ஓட்டு, மூன்று மடங்கு இடம். சாதகமான தொகுதிகளில் மட்டும் கவனம் வைத்ததன் பலன் இது.

எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பது மட்டும் போதாது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். புதுக்கட்சி தொடங்குகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய கணக்கு இதுதான், இல்லையா?