ஒரே பலகையில் ஒரு நாற்காலி: கிளைடர் செய்யப் போய்ப் படித்த கதை

எங்கள் பழைய வீட்டில் ஊஞ்சல் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அதில்தான் உட்காருவார். இப்போது இருப்பது வாடகை அடுக்குமாடி. கூரையில் துளை போடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஊஞ்சல் பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "கொக்கி இல்லாத ஊஞ்சல் எங்கயாவது கிடைச்சா பாரு" என்று அம்மா ஒருநாள் கேலியாகத்தான் சொன்னார். தேடிப் பார்த்தால் அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதன் பெயர் கிளைடர்.

தரையில் அசையாமல் நிற்கும் ஒரு சட்டம். அதன் மேல்பகுதியிலிருந்து பக்கத்துக்கு இரண்டாக நான்கு குட்டைக் கட்டைகள் தொங்கும். அவற்றின் கீழ்நுனியில் இருக்கை மாட்டியிருக்கும். அதாவது வீட்டுக் கூரைக்குப் பதிலாக, தன் கூரையைத் தானே தூக்கிக்கொண்டு நிற்கும் ஊஞ்சல். எட்டு போல்ட், சில பலகைகள், ஒரு ரம்பம் இருந்தால் தச்சு தெரியாதவரும் செய்யலாம் என்றார்கள். நான் ஆணியைக்கூட நேராக அடித்ததில்லை. ஆனாலும் இறங்கிவிட்டேன். எதையும் செய்வதற்கு முன் அதன் வரலாற்றைப் படிப்பது என் கெட்ட பழக்கம். மரம் வாங்கப் போவதற்கு முன்பே இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஆடும் நாற்காலி. இதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. தொட்டிலுக்கு அடியில் வளைவுக் கட்டை வைக்கும் வழக்கம் அதைவிட மிகப் பழையது. யாரோ ஒருவர் அதையே நாற்காலிக்கும் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வளைவுக் கட்டையில் ஒரு தொந்தரவு உண்டு. ஆட ஆட நாற்காலி தரையில் நகரும், விரிப்பைத் தேய்க்கும், பக்கத்தில் விளையாடும் குழந்தையின் விரலை நசுக்கும். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், அசையாத அடிச்சட்டத்தின் மேல் இருக்கை மட்டும் ஆடும் நாற்காலிகள் பரவின. அதே எண்ணத்தின் இன்னொரு வடிவம்தான் கிளைடர். 1930களிலிருந்து 50கள் வரை அமெரிக்க வீட்டுத் திண்ணைகளில் உலோகக் கிளைடர்கள் சர்வசாதாரணம்.

சரி, நான் எடுத்துக்கொண்ட வரைபடத்துக்கு வருவோம். ஆடும் பகுதி கிளைடர்தான். ஆனால் இருக்கை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னால் சரிந்த பலகைகள், சரிவான இருக்கை, டம்ளர் வைக்கத் தோதான அகலமான கைப்பிடி. அமெரிக்கர்கள் இதை அடிரோண்டாக் நாற்காலி என்கிறார்கள். உலகம் முழுக்கப் புதிதாகத் தச்சு பழகுகிறவர்கள் செய்து பார்க்கும் நாற்காலிகளில் இதுவும் ஒன்று. ஏன் இது, என்று தேடியபோதுதான் ஒரு நட்பின் கதை கிடைத்தது.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிரோண்டாக் மலைகள். அந்த மலைப்பக்கம், சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் வெஸ்ட்போர்ட் என்று ஓர் ஊர். 1903ல் தாமஸ் லீ என்பவர் அங்கிருந்த தன் கோடைக்கால வீட்டுக்கு வெளியில் போட்டு உட்கார நாற்காலி தேடினார். சரியானது கிடைக்காததால் தானே பலகையை அறுத்து ஆணியடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகச் செய்து, வீட்டு ஆட்களை உட்காரவைத்து, "எப்படி இருக்கு" என்று கேட்டு, மாற்றி மாற்றிச் செய்தார். கடைசியில் நின்றது, முடிச்சில்லாத ஒரே பலகையிலிருந்து அறுத்த 11 துண்டுகளில் முடியும் நாற்காலி. நுணுக்கமான மூட்டு இல்லை, வளைத்த மரம் இல்லை, மெத்தை இல்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். சுலபமாகச் செய்யக்கூடிய பொருளை யாரோ சுலபமாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். நமக்கு மிச்சமாகும் உழைப்பை அவர் முன்கூட்டியே செலவழித்திருக்கிறார். மெத்தை இல்லாமல் முதுகு வலிக்கக்கூடாது என்றால் எல்லாம் கோணத்தில்தான் இருக்கிறது. அந்தக் கோணத்தை, பொறுமையான சொந்தக்காரர்களின் முதுகை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்தார்.

லீக்கு வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் ஹாரி பன்னெல், தச்சர். கோடையில் ஊர் களைகட்டும், பனிக்காலத்தில் வருமானத்துக்கு வழி இருக்காது. இந்த நாற்காலியைச் செய்து விற்றுக்கொள் என்று லீ தன் வடிவத்தை அவரிடம் கொடுத்தார். நாற்காலி நன்றாக விற்றது. லீயிடம் கேட்காமலே பன்னெல் 1904 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1905 ஜூலை 18 அன்று 794777 என்ற எண்ணில் அவர் பெயருக்குக் காப்புரிமை கிடைத்தது. லீயின் பெயர் அதில் இல்லை.

அந்த ஆவணத்தில் நம்மை நிமிர்ந்து பார்க்கவைக்கும் ஒரு சொல் இருக்கிறது. தன் நாற்காலியைப் பன்னெல் 'பங்களா' வகை என்று சொல்கிறார். வங்காளத்து வீட்டின் பெயர் ஆங்கிலத்துக்குள் போய், அட்லாண்டிக் தாண்டி, மலையோர ஊர்த் தச்சர் ஒருவரின் காப்புரிமை வரை போயிருக்கிறது. திண்ணைக்கும் புல்வெளிக்கும் ஏற்றது, நோயாளி நாற்காலியாகவும் மாற்றலாம் என்றும் சொல்கிறார். நோயாளிகளைச் சொன்னதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அதே மலைகளில் சாரனாக் லேக் என்ற ஊரில் டாக்டர் எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ 1880களில் காசநோய் விடுதி தொடங்கியிருந்தார். நோயாளிகள் குளிரிலும் திண்ணைகளில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்துக் காற்று வாங்குவார்கள். அந்தச் சாய்வு நாற்காலி வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

பன்னெல் திருடனா? எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த நாற்காலியைத் தன் கையால் செய்து விற்றுப் பிழைத்தார். கேட்டிருந்தால் லீ சரியென்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அதே 1905ல், அதே நியூயார்க் மாநிலத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. குஸ்தாவ் ஸ்டிக்லி பெரிய மரச்சாமான் தொழிற்சாலை வைத்திருந்தவர். நேர்கோடுகளும் ஓக் மரமுமாக அவர் செய்த சாமான்களுக்கு நல்ல பெயர். 'தி கிராஃப்ட்ஸ்மன்' என்ற பத்திரிகையையும் 1901லிருந்து நடத்தினார். அந்த ஆண்டு அதில் ஒரு தொடர் ஆரம்பித்தார்: வீட்டிலேயே மரவேலை பழகுவது எப்படி. நாற்காலி, மேசை, அலமாரி என்று அளவோடு படம் போட்டு, எத்தனை துண்டு மரம் வேண்டும் என்று பட்டியலும் கொடுத்தார். சாமான் விற்கிற முதலாளியே, 'என்னிடம் வாங்காமல் நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று சொன்ன மாதிரி. முழுக்கத் தர்ம காரியம் என்று சொல்ல மாட்டேன், பத்திரிகை விற்கவும் பெயர் பரவவும் அது உதவியிருக்கும். அவர் 1915ல் திவாலானார், அடுத்த ஆண்டு பத்திரிகையும் நின்றது. ஆனால் கதவு திறந்துவிட்டது. 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' மாதிரியான பத்திரிகைகள் அதே பாணிச் சாமான்களுக்குச் செய்முறைப் புத்தகங்களே போட்டன.

ஒருவர் பூட்டுப் போட்டார், ஒருவர் கதவைத் திறந்தார். யார் ஜெயித்தது? அன்றைய சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. 1922ல் பன்னெலின் பூட்டு தானாகக் கழன்றது. 1938ல் இர்விங் வோல்பின் என்பவர் இன்னொரு காப்புரிமை வாங்கினார். முதுகுக்கு அகலப் பலகைக்குப் பதில் குறுகலான பலகைகளை விசிறி மாதிரி அடுக்கியிருந்தார். அகலமான, முடிச்சில்லாத பலகை விலை அதிகம். குறுகல் பலகை எந்த மரக்கடையிலும் கிடைக்கும். இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். அதன் காலமும் முடிந்தது. ரம்பம் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒருமுறை பார்த்தாலே செய்துவிடக்கூடிய பொருளை எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்?

இனி என் நாற்காலி. இருக்கை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. கிளைடரில் மாட்டி அம்மாவை உட்காரவைத்தேன். இரண்டு ஆட்டம் ஆடியதும், "என்னடா, என்னை வெளிய தள்ளுது" என்றார். உண்மைதான். முன்னால் போகும்போதெல்லாம் இருக்கையின் முன்விளிம்பு கீழே சாய்ந்தது.

காரணம் துளைகள். சட்டத்தில் முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் நடுவே 40 செ.மீ. விட்டிருந்தேன். இருக்கையில் அளவு தப்பி 36 செ.மீ.க்குத் துளை போட்டுவிட்டேன். தொங்கும் கட்டைகள் கீழே நெருங்கினால், இருக்கை தனக்குக் கீழே உள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்து ஆடும். அது ஆடும் நாற்காலியின் ஆட்டம், முன்னால் போனால் முன்பக்கம் தாழும். கட்டைகள் கீழே அகன்றால் மையம் மேலே போய்விடும். முன்சங்கிலியும் பின்சங்கிலியும் மேலே ஒரே கொக்கியில் சேரும் ஊஞ்சல் அப்படித்தான், முன்னால் போனால் முன்பக்கம் எழும்பும். இரண்டு இடைவெளியும் ஒன்றாக இருந்தால் இருக்கை சாயாமல் மட்டமாகவே போய்வரும். ஆக, நாலு சென்டிமீட்டரில் நான் கிளைடரை ஆடும் நாற்காலியாக மாற்றியிருக்கிறேன்!

அம்மாவிடம் கேட்டேன், எது வேணும் என்று. யோசிக்காமல், "ஊஞ்சல் மாதிரி" என்றார். இருக்கையில் 42 செ.மீ.க்குப் புதிதாகத் துளை போட்டேன். மறுபடி உட்காரவைத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். 43க்கு மாற்ற, பழைய துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைக்க வேண்டியிருந்தது. எட்டு அடைப்புகளும் பக்கப்பலகையில் அப்பட்டமாகத் தெரிகின்றன. வண்ணம் பூசி மறைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

120 வருஷம் முன்பு வெஸ்ட்போர்ட்டில் லீ செய்ததும் இதைத்தானே. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, அளவுகளை எடுத்துக்கொள்ளலாமா என்றார். கேட்டாரே, அதுவே சந்தோஷம். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். 43 செ.மீ. என் அம்மாவின் கணக்கு, உங்கள் வீட்டில் யாரையாவது உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.