ஒற்றைக்கண் காவலன்

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் டோய்கோ என்னும் பொம்மைக் கம்பெனி அஸ்ட்ரோ மேக்னம் என்ற பெயரில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விசையை அழுத்தினால் ஒலியும் ஒளியும் எழுப்பும் அந்தத் துப்பாக்கி, பாகங்களை மடக்கியும் திருப்பியும் நிமிர்த்தினால் இரண்டு காலில் நிற்கும் ரோபோவாக உருமாறிவிடும். அந்த ரோபோவுக்கு மூக்கில்லை, வாயில்லை. முகத்தின் நடுவே ஒரே ஒரு கண். இடக்கை முடிய வேண்டிய இடத்தில் விரல்களுக்குப் பதிலாகத் துப்பாக்கிக் குழல். அதிலிருந்து முதுகுக்கு ஓடும் ஒரு நெகிழ்குழாய். பிற்காலத்தில் உலகெங்கும் குழந்தைகள் அறிந்த ஷாக்வேவ் என்ற வில்லனின் பூர்வாசிரம உருவம் இதுவே. அப்போது அதற்குக் கதையில்லை, பகைவரில்லை, குரலும் இல்லை. முகபாவம் எதையும் காட்ட இயலாத இவ்வுருவத்துக்கு ஒருவர் விசுவாசத்தையும், இன்னொருவர் பேராசையையும், வேறொருவர் துயரத்தையும் கொடுத்தார்கள் என்பதே இதன் சரித்திரத்தை எழுதத் தக்கதாக்குகிறது.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி, டகாரா என்ற ஜப்பானியக் கம்பெனியின் டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்னும் இரண்டு பொம்மை வரிசைகளை ஒன்றாகச் சேர்த்து, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயரிட்டு 1984-இல் தன் நாட்டுக் கடைகளுக்கு அனுப்பியது. விற்பனை எதிர்பார்ப்பை மீறி வளர்ந்தது. மறு வருஷத்துக்குப் புதிய உருவங்கள் வேண்டியிருந்தன. டகாராவின் கையிருப்பு மட்டும் போதாமல் வேறு ஜப்பானியக் கம்பெனிகளின் அச்சுகளையும் ஹாஸ்ப்ரோ உரிமை பெற்று வாங்கிக்கொண்டது. அப்படி வெளியிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒன்றாக அஸ்ட்ரோ மேக்னம் 1985-இல் ஊதா நிறம் பூண்டு ஷாக்வேவ் ஆயிற்று. அதே உருவத்தை ரேடியோ ஷாக் என்ற மின்சாதனக் கடைகள் சாம்பல் நிறத்தில், கேலக்டிக் மேன் என்ற பெயரில், எந்தக் கதையோடும் சேர்க்காமல் விற்றன. ஒரே வார்ப்பில் பிறந்த இரு சகோதரரில் ஒருவன் இன்று சேகரிப்போருக்கு மட்டுமே தெரிந்தவன், மற்றவன் கதாபாத்திரம். வித்தியாசம் பிளாஸ்டிக்கில் இல்லை, எழுதியவர்களின் பேனாவில் இருந்தது.

அந்தப் பேனா மார்வல் காமிக்ஸ் கம்பெனியுடையது. ஹாஸ்ப்ரோ கேட்டுக்கொண்டபடி அங்கே ஜிம் ஷூட்டர் மூலக்கதையை வகுக்க, பாப் புடியான்ஸ்கி என்ற ஆசிரியர் பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயரும், பெட்டியின் பின்புறத்தில் அச்சிடத்தக்க சில வரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவமும் எழுதினார். பொம்மையை வாங்கிய குழந்தை பெட்டியைக் கத்தரித்துப் பத்திரப்படுத்திக்கொண்ட அச்சிறு குறிப்புகளை நான் இலேசானவையாகக் கருதவில்லை. ஷாக்வேவின் குறிப்பிலே, அவன் உணர்ச்சியற்றவன், யுத்தத்தைக் கணிதம்போல் நடத்துகிறவன், தலைவன் மெகட்ரானை அகற்றிவிட்டுத் தானே அவ்விடத்தில் அமர்வதுதான் தர்க்கத்துக்குப் பொருந்தும் என்று நினைப்பவன் என்ற கருத்து வந்துவிட்டது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் இந்த ஒரு வித்திலிருந்து முளைத்தவையே.

ஆனால் தொலைக்காட்சி இவ்வித்தைப் பயிரிடவில்லை. குழந்தைகள் நிகழ்ச்சியே விளம்பரமாக ஆகிவிடாதபடி அதுவரை இருந்த கட்டுப்பாடுகளை அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 1984-இல் தளர்த்திவிட்டதனால், பொம்மைக் கம்பெனியின் பொருட்களே கதாநாயகர்களாகும் கார்ட்டூன்கள் பெருகிய காலம் அது. அவ்வருஷம் செப்டம்பரில் ஆரம்பித்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனின் முதற்பகுதியிலேயே, பொம்மை கடைக்கு வருவதற்கு முன்பாகவே, ஷாக்வேவ் தோன்றுகிறான். மெகட்ரான் தன் எதிரிகளைத் துரத்திக்கொண்டு சைபர்ட்ரான் என்ற இயந்திர உலகத்தை விட்டுப் புறப்படும்போது, அவ்வுலகத்தைக் காக்கும் பொறுப்பை இவனிடம் ஒப்புவிக்கிறான். தலைவன் ஏறித் தாக்கிய எதிரிகளின் கப்பல் பூமியில் விழ, அவன் நாற்பது லட்சம் ஆண்டுகள் அதில் உறங்கிக் கிடக்கிறான். அத்தனை காலமும் இவன் காவலைக் கைவிடவில்லை, அரியணையில் ஏறவுமில்லை. பாதுகைகளை முன்வைத்து நந்திக்கிராமத்திலிருந்து பதினான்கு ஆண்டுகள் அரசு நடத்திய பரதனை அறிந்த நமக்கு இந்த விசுவாசம் அந்நியமாகத் தோன்றாது. தீயவர் பக்கத்தில் இருப்பவனுக்கு இப்படியொரு உத்தம குணம் அமைந்ததுதான் விநோதம். மெகட்ரான் கண்விழித்துச் செய்தி அனுப்பியபின் பூமியையும் சைபர்ட்ரானையும் இணைக்கும் விண்பாலத்தின் மறுமுனையில் நின்று சக்தியை எதிர்நோக்கிக் காத்திருப்பதே பெரும்பாலும் இவன் வேலையாயிற்று. கோரி பர்ட்டன் என்ற குரல்நடிகர், ஆங்கில நடிகர் டேவிட் வார்னரின் பேச்சை மனத்தில் கொண்டு, ஏற்ற இறக்கமில்லாத, கூர்மையான ஒரு குரலை அளித்திராவிட்டால் இந்தச் சில்லறைப் பாத்திரம் எவர் நினைவிலும் தங்கியிராது.

கார்ட்டூன்காரர்கள் ஏன் இவனைத் துரோகியாக்கவில்லை என்பதற்கு என் அபிப்பிராயம் ஒன்றுண்டு. வாரந்தோறும் தலைவனைக் கவிழ்க்கத் துடிக்கும் ஸ்டார்ஸ்கிரீம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தான். ஒரே அரசவையில் இரண்டு துரோகிகளுக்கு இடமில்லை. 1986-இல் வெளிவந்த திரைப்படத்திலும் இவனுக்குக் கிடைத்தது சொற்பம். யூனிக்ரான் என்ற கிரகபூதம் சைபர்ட்ரானைத் தாக்கும் வேளையில் சில கணங்கள் தோன்றுகிறான். நாற்பது லட்சம் ஆண்டுக் காவலனுக்கு என்ன முடிவு நேர்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூட அப்படம் நேரம் ஒதுக்கவில்லை. அது நியாயமன்று என்பதே என் கருத்து.

மார்வல் காமிக்ஸில் நடந்ததோ முற்றிலும் வேறு. நான்கே இதழ்களோடு முடிவதாகத் திட்டமிட்டு ஆரம்பித்த அத்தொடரின் நான்காம் இதழில், நல்லவர்களாகிய ஆட்டோபாட்கள் பெரும்பாடுபட்டு வெற்றியடைந்து நிமிரும் தறுவாயில், அதுவரை கதையில் தலைகாட்டாதிருந்த ஷாக்வேவ் வந்து ஒரே தாக்குதலில் அவர்களை வீழ்த்திவிடுகிறான். விற்பனை நன்றாயிருந்ததால் மாத இதழாகத் தொடர்ந்த அப்பத்திரிகையின் ஐந்தாம் இதழ், 1985 ஜூன் தேதியிட்டது, டிரான்ஸ்ஃபார்மர்கள் அனைவரும் மாண்டனர் என்று தன் துப்பாக்கிக் கையால் எழுத்துக்களைப் பொறிக்கும் இவன் படத்தையே அட்டையில் தாங்கி வந்தது. புடியான்ஸ்கியே எழுதத் தொடங்கிய இதழ் அது. பெட்டியின் பின்புறத்தில் தாம் விதைத்ததை அவர் இங்கே அறுவடை செய்தார். அடுத்த இதழிலேயே மெகட்ரானை எதிர்த்து நின்று தோற்கடித்து, தலைமையைத் தன் கைக்குக் கொண்டுவருகிறான் ஷாக்வேவ். ஆட்டோபாட் தலைவன் ஆப்டிமஸ் பிரைமின் தலையை உடலிலிருந்து பிரித்துச் சிறைவைத்து, அதனுள் உறையும் ஜீவசக்தியைக்கொண்டு தன் சேனைக்குப் புதிய வீரர்களைச் சிருஷ்டிக்க முற்படுகிறான். அவனிடம் குரோதமில்லை, வஞ்சம் தீர்க்கும் ஆனந்தமும் இல்லை. மெகட்ரான் இனித் தலைமைக்கு ஏற்றவனல்லன் என்பது அவன் போட்ட கணக்கின் விடை, அவ்வளவுதான். கோபத்தில் கொடுமை செய்பவனைப் பற்றிக் குழந்தைகளுக்கு எத்தனையோ கதைகள் உண்டு. கோபமேயின்றிக் கொடுமை செய்பவனை ஒரு மலிவு விலைச் சித்திரப் பத்திரிகை இவ்வளவு துணிவோடு காட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன். அசையாத ஒற்றைக்கண்ணும் வாயில்லாத முகமும் இங்கேதான் முதன்முதலாக அர்த்தம் பெற்றன.

அதன்பின் வந்த தொடர்கள் இவனைப் பலவாறு கையாண்டன. 2008-இல் ஒரு கார்ட்டூன் இவனை ஆட்டோபாட் வேடம் பூண்ட ஒற்றனாக்கியது. அதே கோரி பர்ட்டன் குரல் கொடுத்தார். 2011-இல் வந்த திரைப்படம் சிகாகோ நகரத்தை இடிக்கும் ராட்சசனாக மட்டும் இவனைப் பயன்படுத்திக்கொண்டது. அதில் சிந்திப்பவன் காணாமற்போனான். 2018-இல் பம்பிள்பீ படத்தின் தொடக்கத்தில் பழைய ஊதா உருவத்தோடு சைபர்ட்ரானுக்கே திரும்பிவந்தான்.

இவற்றையெல்லாம்விட ஆழமாகச் சென்றது ஐடிடபிள்யூ என்ற பதிப்பகம் 2012-இல் வெளியிட்ட ஷேடோபிளே என்னும் காமிக்ஸ் கதை. எழுதியவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ், வரைந்தவர் அலெக்ஸ் மில்ன். யுத்தத்துக்கு முந்தைய சைபர்ட்ரானில் ஒரு செனட்டர் இருக்கிறார். உற்சாகமானவர், இரக்கமுள்ளவர், ஊழலில் அழுகிய ஆட்சியை உள்ளிருந்தே எதிர்ப்பவர், பிற்காலத்தில் ஆப்டிமஸ் பிரைம் ஆகப்போகும் ஓரியன் பாக்ஸுக்குத் துணைநிற்பவர். அவருடைய பெயரைக் கதை கடைசிவரை சொல்வதில்லை. அவ்வுலகத்தில் ஆட்சியாளருக்குப் பிடிக்காதவர்களின் முகத்தையும் கைகளையும் அகற்றிவிட்டு, ஒற்றைக்கண் பொருந்திய தலையையும் விகாரமான கைகளையும் மாட்டி அனுப்பும் தண்டனை ஒன்று இருக்கிறது. செனட்டருக்கு அத்தண்டனையை விதித்ததோடு நில்லாமல், மூளையையும் திருத்தி உணர்ச்சிகளை அழித்துவிடுகிறார்கள். அப்போதுதான் வாசகனுக்கு அவர் யாரென்று தெரிகிறது. சுமார் முப்பது வருஷங்களாகக் குளிர்ந்த தர்க்கமே சுபாவமென்று எல்லோரும் எண்ணியிருந்தது பிறர் அவன்மேல் இழைத்த அநீதியின் தழும்பாக மாறிவிட்டது. பெயரறியாத ஒரு ஜப்பானியச் சிற்பி பொம்மைத் துப்பாக்கிக்கு வகுத்த ஒற்றைக்கண், அதன் வடிவம் சற்றும் மாறாமல், பார்ப்பவர் கண்ணீர் விடத்தக்க காரணத்தைப் பெற்றது. அடுத்த வருஷம் தொடங்கிய டார்க் சைபர்ட்ரான் என்ற பெருங்கதையில் அதே ஷாக்வேவ் பிரபஞ்சத்தையே அழிக்கத் துணியும் பிரதான எதிரியாக வந்தபோது, பழைய செனட்டரை அறிந்திருந்த வாசகர்கள் அவனை முன்போல் வெறுமனே வெறுக்க முடியாதவர்களாயிருந்தார்கள்.