அரகந்தர்: ஒரு சொல்லின் வரலாறு

பௌத்த நூல்களிற் பயின்றுவரும் சொற்களுள் 'அரகந்தர்' என்பது தனிச்சிறப்புடையது. ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றையும் வேரறுத்து, மீண்டும் பிறவா நிலையை எய்தியவரை அது குறிக்கும். ஆயினும், அது பௌத்தத்துடன் தோன்றிய சொல்லன்று. அதன் வரலாற்றை நோக்குமிடத்து, மதிப்புக்குரியவர் யாவர் என்ற வினாவிற்குப் பண்டை இந்தியச் சமுதாயம் அளித்த விடை காலந்தோறும் மாறியவாறு புலனாகின்றது.

வடமொழியில் 'அர்ஹ்' என்னும் வினையடி தகுதியுடையதாதலை உணர்த்தும். அதனடியாகப் பிறந்த 'அர்ஹத்' என்னும் சொல் இருக்கு வேதத்தில் அக்கினி, உருத்திரன் முதலிய தெய்வங்களுக்கு அடைமொழியாக வருகின்றது. ஐதரேய பிராமணமோ, அரசனோ வேறோர் அர்ஹத்தோ விருந்தினராக வருமிடத்துச் செய்யப்படும் உபசாரத்தைக் குறிப்பிடுகின்றது. ஈண்டு அர்ஹத் என்பார் அரசனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க உயர்நிலையினர். எனவே, சொல்லின் தொடக்கப் பொருள் சமூக அந்தஸ்தைச் சார்ந்தது எனலாம்.

சமண, பௌத்த இயக்கங்கள் எழுந்த காலத்தில் இச்சொல் துறவியரைச் சாரலாயிற்று. சடைமுடித் துறவியான உருவேல காசியபர் தம்மை அரகந்தரென எண்ணியிருந்தார் என்றும், அவர் அந்நிலையை எய்தவில்லை எனப் புத்தர் உணர்த்தினார் என்றும் விநய பிடகத்தின் மகாவக்கம் கூறும். பௌத்தத்திற்குப் புறம்பானோரிடத்தும் இப்பெயர் வழங்கியமைக்கு இது சான்றாகும். கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பாக் கல்வெட்டும் அரகந்தருக்கு வணக்கம் கூறியே தொடங்குகின்றது.

பௌத்தம் செய்த மாற்றம் யாது? தகுதியைப் பிறப்பினின்றும் பிரித்து ஒழுக்கத்தின்பாற் சேர்த்தமையே அது. சாக்கிய இளவரசர் துறவு பூண்டபோது, தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு, நாவிதரான உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு வேண்டினர் என்பது விநய மரபு. வாடிய பூக்களை அகற்றுந் தொழில் செய்த சுனீதர் அரகந்தரான செய்தியைத் தேரகாதை கூற, பெண்டிர் அந்நிலையை எய்தியமையைத் தேரிகாதை காட்டுகின்றது. எனினும், மூத்த பிக்குணியும் இளைய பிக்குவை வணங்கவேண்டும் என்னும் விதி அதே சங்கத்தில் நிலவிற்று. தகுதியிற் காணப்பட்ட சமத்துவம் அமைப்பில் முழுமை பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து நூல் இயற்றிய புத்தகோசர், விசுத்திமக்கத்தில் இச்சொல்லுக்கு ஐந்து விளக்கங்கள் தருகின்றார். மாசுகளினின்றும் தொலைவில் நிற்பவர். அவையாகிய பகைவரை அழித்தவர். பிறவிச் சக்கரத்தின் ஆரங்களை முறித்தவர். காணிக்கை பெறத் தக்கவர். மறைவிலும் தீமை செய்யாதவர் என்பன அவை. இவற்றுள் நான்காவதே சொற்பிறப்பிற்கு இயைந்தது. ஏனையவை ஒலியொப்புமை பற்றி எழுந்தனவாயினும், அவற்றைப் பிழையெனத் தள்ளிவிடல் பொருந்தாது. பிறர் செய்யும் சிறப்பிலிருந்து தன்னை வெல்லும் வெற்றிக்கு அழுத்தம் இடம்பெயர்ந்தமையை அவை காட்டுகின்றன. திபெத்திய மொழிபெயர்ப்பாளர் 'பகையை வென்றவர்' என்ற பொருளையே தெரிந்தெடுத்தனர். சீன மரபில் 'காணிக்கைக்குரியவர்' என்ற பொருளும் வழங்கிற்று.

சிங்களத்தில் இச்சொல் 'ரஹத்' என வழங்குகின்றது. தமிழில் 'அருகன்' என்பது சமணரின் இறைவனுக்குப் பெயராயிற்று. நாம் நாள்தோறும் வழங்கும் 'அருகதை' என்னும் சொல்லும் அதே வேரினின்று வந்ததே. வேத காலத்தில் தெய்வத்தையும் அரசனை ஒத்தாரையும் சுட்டிய சொல், நாவிதருக்கும் பூ அகற்றுவோருக்கும் உரியதாயிற்று. அருகதை பிறப்பால் வருவதன்று, ஒழுக்கத்தால் ஈட்டப்படுவது என்பதே இச்சொல்லின் வரலாறு புலப்படுத்தும் உண்மையாகும்.