தழும்பும் வழக்கும்: நாகர்கோவில்காரர்களின் இரண்டு ஊமைப்படங்கள்

நாகர்கோவில் பக்கத்து உறவுக்காரர்கள் ரெண்டு பேர் ஆளுக்கொரு ஊமைப்படம் எடுத்தார்கள். ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' முதலில் (1928, 1930 என்று இரண்டு வருஷம் சொல்வார்கள், நான் 1930 கட்சி). அடுத்து 1933-ல் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா'. இரண்டுமே திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில்தான் வெளியாயின. மலையாள சினிமா என்று நாம் கண்டுகொள்வதில்லை.

'விகதகுமாரன்' கதையில் வஞ்சகம் வெளியிலிருந்து வருகிறது. பூதநாதன் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையைக் கடத்தி இலங்கைத் தோட்டத்தில் விட்டுவிடுகிறான். வளர்ந்து ஊர் திரும்புகிறவனை முதுகுத் தழும்பு காட்டிக்கொடுக்கிறது. தங்கையின் காதலும் கைகூடுகிறது. குடும்பத்தின் மீது ஒரு குறையும் இல்லை.

சி.வி. ராமன் பிள்ளையின் 1891 நாவலை ஒட்டிய 'மார்த்தாண்ட வர்மா'வில் அப்படியில்லை, வஞ்சகம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சுபத்ராவைப் பற்றிச் சந்தேகத்தைக் கிளப்பிக் கணவனைப் பிரித்துவிடுகிறார்கள். தாய்மாமன் குடமண் பிள்ளையோ இளவரசருக்கு எதிரான சதியில் இருக்கிறார். அவள் மாமன் பக்கம் நிற்காமல் இளவரசரைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் மாமன் கையாலேயே சாகிறாள். எனக்கு இதுதான் கனமான கதை. குடும்ப விசுவாசம் என்பது யாருக்குச் செலவு வைக்கிறது என்று மழுப்பாமல் சொல்கிறது.

ஆனால் முதல் படத்தின் செலவு திரைக்கு வெளியே விழுந்தது. நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் கிறிஸ்தவர். வேஷம் போட்டதையே குற்றமாக்கித் திரை மீது கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே தமிழ்நாட்டுப் பக்கம் போகவேண்டியதாச்சு. நிலத்தை விற்றுப் படமெடுத்த டேனியல் பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார்.

'மார்த்தாண்ட வர்மா'வும் சில நாளில் நின்றுபோனது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது, கோர்ட் பிரிண்டைப் பறிமுதல் செய்தது. அதனால்தான் படம் தப்பியது! புனே ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. பேக்கப் எடுக்கச் சொல்லிக் கத்துகிற வேலையில் இருக்கும் எனக்கு, எதிராளியே பேக்கப் ஆனது சிரிப்பாக இருக்கிறது.

'விகதகுமாரன்' மிஞ்சவில்லை. காணாமல் போகும் பிள்ளையாக நடித்தது டேனியலின் மகன். சுருளைக் கொளுத்தியது இன்னொரு மகன், சின்ன வயதில், பிலிம் நீலமாக எரிவதைப் பார்க்கும் ஆசையில். பின்னாளில் அவரே சொன்னது இது.