பென்சனியர்களின் மாலைச்சபை

ஓய்வுபெற்ற ஆண்கள் கூடிப் பொழுதுபோக்கும் கழகங்களை மேற்கு நாட்டவர் பெயர் சூட்டி, யாப்பு வகுத்து, கிளை பரப்பி வளர்த்தனர். அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் 1958இல் அத்தகைய ஓர் அமைப்புத் தோன்றியது. இங்கிலாந்தில் 1960களின் நடுப்பகுதியில் றொட்டறிக் கழகத்தினரின் ஆதரவுடன் 'புரோபஸ்' கழகங்கள் தொடங்கின. இவற்றுக்கெல்லாம் முன்னரே யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அப்படியொரு கூட்டம் இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. சந்தாப் புத்தகம் இல்லை. வாசிகசாலைத் திண்ணையிலோ கோயில் மடத்திலோ சந்தி மரத்தடியிலோ மாலை 4 மணிக்குமேல் அது கூடும். விளக்கு வைத்துச் சற்று நேரம் கழிந்தபின் கலையும். அங்கு கூடியவர்களை ஊரவர் 'பென்சனியர்மார்' என்றனர். யாழ்ப்பாணச் சமூக வரலாற்றை எழுதியோர் நாவலரையும் மிஷனரிமாரையும் அரசியல்வாதிகளையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். இந்த மாலைச்சபைகளைப் பற்றி எழுதியோர் குறைவு.

யாழ்ப்பாணத்தில் ஏன் இத்தனை பென்சனியர்கள் இருந்தார்கள்? இதற்கான விடையைப் 19ஆம் நூற்றாண்டுப் பாடசாலைகளில் தேடவேண்டும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி ஆரம்பமாயிற்று. ஏனைய மிஷன்களும், அவற்றுக்குப் போட்டியாகச் சைவப் பெரியார்களும் பாடசாலைகளை நிறுவினர். ஆறில்லாத, கிணற்று நீரை நம்பிய, துண்டு துண்டாய்ப் பிரிந்த காணிகளைக் கொண்ட குடாநாடு இது. ஒரு குடும்பத்தின் ஆண்மக்கள் எல்லோருக்கும் தோட்டக்காணி சோறு போடாது. ஆங்கிலம் படித்த பிள்ளை கந்தோருக்குப் போகலாம் என்பது வெகு விரைவில் ஊர் அறிந்த கணக்காயிற்று.

அக்காலத்தில் கடலுக்கு அப்பாலும் கந்தோர்கள் திறந்துகொண்டிருந்தன. மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே 1885 ஜூன் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் நிர்மாணத்தில் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பயனியர் படையினர் பங்குகொண்டனர். அதன் பின்னர் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் லிகிதர்களாக, நில அளவையாளர்களாக, புகையிரதநிலைய அதிபர்களாக, வைத்தியசாலை உதவியாளர்களாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியதும் கொழும்புக் கந்தோர்களும் கிட்டவந்தன. அவர்கள் அனுப்பிய காசில் ஊர் வாழ்ந்தது. 'மணிஓடர் பொருளாதாரம்' என்ற பெயர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதனாலேயே.

அரச சேவையில் 55 வயதில் இளைப்பாறவேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே உடலில் வலுவும் கையில் மாதாந்தப் பணமும் உள்ள ஒரு கூட்டம் ஊருக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. ஆனால் திரும்பியவர் எந்த ஊருக்குத் திரும்பினார் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். யாழ்ப்பாண வழமையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. அதனால் பலர் இளைப்பாறி வந்து குடியிருந்தது மனைவியின் ஊரில். முப்பது ஆண்டுகள் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ கழித்துவிட்டு வந்தவர், அல்லது வெள்ளவத்தைச் 'சமறி'யில் நாலைந்து பேருடன் அறை பகிர்ந்து இருந்துவிட்டு வந்தவர், மனைவியின் ஊரில் 55 வயதிலும் 'மாப்பிள்ளை'தான். வீட்டின் நிருவாகம் அவர் இல்லாமலே பல்லாண்டு நடந்து பழகியிருந்தது. பிள்ளைகள் அவரைக் கடிதத்தில் அறிந்த அளவுக்கு நேரில் அறியார். பகல் முழுவதும் சாய்மனைக் கதிரையில் கிடந்தால் அவர் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவார். அவரை ஊரவராக்கியது மாலைச்சபையே என்பது என் துணிபு.

1940களிலும் 1950களிலும் கிராமந்தோறும் சனசமூக நிலையங்கள் எழுந்தபோது இச்சபைகளுக்குக் கூரை கிடைத்தது. நடுவில் நீண்ட மேசை, இருபுறமும் வாங்குகள், சுவரில் காந்தி படம், மூலையில் ஓர் அலுமாரி, வெளியே திண்ணை. என் சிறுபராயத்தில் நான் பார்த்த எங்கள் ஊர் வாசிகசாலை இதுதான். வீரகேசரி, தினகரன், ஈழநாடு ஆகியன மேசையில் கிடக்கும். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் வரும்; அது பென்சனியர்மாருக்கு என்பது எழுதப்படாத சட்டம். ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்தறியாத தோட்டக்காரர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். ஆசிரியத் தலையங்கத்துக்கு அங்கேயே மறுப்புரை நிகழ்த்தப்படும். பத்திரிகைத் தொழிலில் நான் பின்னாளில் சந்தித்த எந்த ஆசிரியரும் அந்தத் திண்ணையிலிருந்தவர்களைப்போல் ஒரு செய்தியைப் பிரித்து மேய்ந்ததில்லை.

பத்திரிகை முடிந்தால் கடுதாசி விளையாட்டு. யாழ்ப்பாணத்தின் விளையாட்டு 304. முப்பத்திரண்டு கடுதாசிகள், நால்வர், எதிரெதிரே இருப்பவர் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனங்களுக்கும் கூட்டினால் 304. இராசாவையும் இராணியையும் ஒன்பது வெல்லும் இந்த ஒழுங்கு ஐரோப்பாவின் பழைய விளையாட்டுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது. ஒல்லாந்தரிடையேயும் அக்குடும்பத்தின் ஆட்டம் உண்டு. நாம் வழங்கும் ஆடுதன், உருவிதன், களாவரை, இஸ்கோப்பன் என்ற பெயர்களும் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தவையே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் விட்டுச்சென்றவற்றுள் கோட்டையையும் சட்டத்தையும் பற்றி நூல்கள் உண்டு. கடுதாசிப் பெயர்களோ திண்ணையில் வாழ்ந்தன. காசு வைத்து ஆடுவது நல்ல சபைகளில் இல்லை. தோற்றவரின் காதில் பனையோலைத் துண்டைக் கொழுவிவிடுவதே தண்டனை. ஒருகாலத்தில் நூறு பேருக்கு மேலதிகாரியாக இருந்தவர் காதில் ஓலையுடன் இருப்பதைப் பார்க்கச் சிறுவர்கள் நாங்கள் மதிற்கரையில் நிற்போம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று கருதினால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும். இம்மனிதர்கள் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை கோப்பு எழுதுவது, கணக்குப் பார்ப்பது, விதியைத் தேடுவது. அந்தத் திறமை முழுவதும் இளைப்பாறியபின் ஊருக்கு இலவசமாகக் கிடைத்தது. கிராம முன்னேற்றச் சங்கத்துக்குச் செயலாளர், ஐக்கிய பண்டகசாலைக்குக் கணக்காய்வாளர், கோயில் பரிபாலன சபைக்குத் தனாதிகாரி என்று யாரைத் தேடினாலும் திண்ணையிலேயே கண்டுபிடிக்கலாம். றோட்டுக்குக் கல் போடவேண்டும், தபாற்கந்தோர் வேண்டும், பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்ற விண்ணப்பங்கள் அங்குதான் ஆங்கிலத்தில் வரையப்பட்டன. விதவைக்கு வரவேண்டிய கொடுப்பனவு எந்தக் கந்தோரில் முடங்கிக் கிடக்கிறது என்பதை அவர்கள் மணத்தாலேயே அறிவார்கள்.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் இச்சபைகளின் முகத்தை மாற்றியது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தும், பதவியுயர்வு இனி இல்லை என்று உணர்ந்தும், 1960களில் பலர் காலத்துக்கு முன்னரே சேவையை விட்டு வந்தனர். மலாயாவிலிருந்து வந்தவர்கள் நிறைவோடு திரும்பியவர்கள். இவர்கள் மனக்கசப்போடு திரும்பியவர்கள். திண்ணைப் பேச்சில் அரசியல் சூடேறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாட்டின் நிருவாகத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள், அந்த நிருவாகம் தம்மை வேண்டாமென்று சொல்லிவிட்டது என்பதை நாள்தோறும் எங்கள் தலைமுறையின் காதில் விழும்படி பேசிக்கொண்டிருந்தார்கள்.

இச்சபைகளைப் புகழும்போது அவற்றின் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பெண்களுக்கு அங்கு இடமில்லை. பாடசாலை அதிபராக இருந்து இளைப்பாறிய பெண்மணிகூடப் பத்திரிகையை வீட்டுக்கு எடுப்பித்தே வாசித்தார். ஒடுக்கப்பட்ட சாதியினர் பல வாசிகசாலைகளில் வாங்கில் சமமாக இருக்க முடியவில்லை. அவர்கள் தமக்கெனத் தனியாகச் சனசமூக நிலையங்களை அமைத்தனர். 1966இல் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் எழுந்து, தேநீர்க்கடைகளும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலும் களங்களானபோது, திண்ணைகளும் இரண்டுபட்டன. சீர்திருத்தம் பேசிய பென்சனியரும் உண்டு. கோயில் கதவைப் பூட்டச் சட்டப் பிரிவு தேடிக்கொடுத்த பென்சனியரும் உண்டு. கோப்பு அறிவு இரு பக்கத்துக்கும் உதவியது.

ஆயினும் அவர்களிடமிருந்த ஒரு வழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பென்சன் பெறுவோர் ஆண்டுக்கொருமுறை தாம் உயிருடன் இருப்பதாகச் சான்றிதழ் சமர்ப்பிக்கவேண்டும். அதை அவர்கள் பகிடியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சபையில் அந்தச் சான்றிதழ் நாள்தோறும் வழங்கப்பட்டது. ஒருவர் ஒருநாள் வராவிட்டால் காய்ச்சலாக இருக்கும் என்பார்கள். இரண்டாம் நாளும் வராவிட்டால் கடுதாசிக் கட்டு பிரிக்கப்படாது. இருவர் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போவார்கள். மனைவியை இழந்தவரின் வீட்டுக்குச் சபையே முற்றத்தோடு இடம்பெயரும். செத்தவீட்டில் முதலில் பந்தல் போட நிற்பவர்களும், ஈமக் கணக்கை எழுதுபவர்களும் அவர்களே. இன்று முதுமையியல் வல்லுநர்கள் தனிமையை ஒரு நோய்போல் எண்ணிப் பேசுகிறார்கள். எங்கள் பென்சனியர்மார் அதற்குரிய மருந்தை விலையின்றி வைத்திருந்தார்கள்.

பின்னர் யுத்தம் வந்தது. 1981 ஜூன் 1ஆம் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு காரியாலயமும் தீக்கிரையாயிற்று. வாசித்தே முதுமையைக் கழித்தவர்களுக்கு அது உறவினரின் சாவு போன்றது. 1990இல் புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது. அந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒரு பையன் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி இயங்க, பி.பி.சி. தமிழோசைக்கு முதியவர்கள் காது கொடுத்திருந்த காட்சியைக் குடாநாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திரார். வலிகாமம் வடக்கில் ஊர்கள் முழுவதாகப் பெயர்ந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு நடந்தனர். ஊன்றுகோலுடன் நடந்த முதியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. திரும்பியவர்களுக்கும் திண்ணை இருந்தது. எதிரே இருந்து ஆடக் கூட்டாளி இல்லை.

இந்தச் சிதறலுக்கு எங்கள் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கமே ஆவணம். முன்னர் 'மலாயன் பென்சனியர்', 'இளைப்பாறிய புகையிரதநிலைய அதிபர்' என்று தொடங்கி அயலூரோடு முடிந்த அறிவித்தல்கள், 1980களின் பின் கனடா, இலண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று பிள்ளைகளின் பெயர்களுக்கு அருகே நாடுகளை அடுக்கின. பிறகு இறந்தவரின் வதிவிடமே ஸ்காபரோ என்று வரலாயிற்று. அங்கும் தமிழ் முதியோர் சங்கங்கள் உள்ளன. 304 ஆட்டமும் கப்பலேறாமல் விமானமேறிப் போய்விட்டது. ஆனால் பனிகாலத்தில் பிள்ளை வாகனத்தில் ஏற்றிச்செல்லும் நாளில்தான் அங்கு சபை கூடும். வராதவரை இரண்டாம் நாள் சைக்கிளில் போய்ப் பார்ப்பதற்கு அங்கு வழியில்லை.

இங்கு எஞ்சியோரின் நிலை வேறு. இன்றைய யாழ் மாவட்டத்தின் எல்லைக்குள் 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012 கணக்கெடுப்பில் அத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். போனவர்களில் இளையோர் அதிகம். 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. புதுப்பிக்கப்பட்ட சனசமூக நிலையக் கட்டடங்களும் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தில் மாபிள் பதித்த தரையும் உண்டு. மாலையில் போய்ப் பார்த்தால் பூட்டிக் கிடக்கும். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்வழி கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களும் அமைக்கப்பட்டன. நல்லதே. ஆனால் ஆண்டுக்கொரு விழாவும் பொன்னாடையும் ஒரு சபையை உருவாக்கா. மூன்று அறை வீட்டில் தனியே இருந்து, கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இரவு 7 மணிக்குக் கேற்றைப் பூட்டிக்கொள்ளும் முதியவருக்கு வேண்டியது நாள்தோறும் போகக்கூடிய ஓரிடம்.

அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கதவைத் திறந்துவைக்க ஒருவர், இரண்டு பத்திரிகைகள், ஒரு கட்டுக் கடுதாசி, இருக்க நல்ல வாங்கு. இம்முறை அந்த வாங்கில் எல்லாச் சாதியினரும் இருக்கட்டும், பெண்களும் இருக்கட்டும். முன்னைய சபை செய்யத் தவறியதை இன்றைய சபை செய்யலாம். ஊரில் வாசிகசாலைக்குப் பணம் அனுப்பும் நண்பர்கள் அடுத்தமுறை தரைக்கு மாபிள் பதிப்பதற்கு முன்னர், மாலையில் அங்கு எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று ஒருமுறை விசாரிக்கவேண்டும். வராதவரை யார் தேடிப் போகிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.