சுறாக் கொம்பில் ஏறிய வருணன்

தொல்காப்பிய அகத்திணையியலின் 5ஆம் நூற்பா நெய்தல் நிலத்தின் பெருமணலை வருணனுக்கு உரியதாக்குகிறது. சங்கத் தமிழர் கடற்கரையில் வருணனை வணங்கினர் என்று பாடநூல் முதல் பட்டிமன்றம் வரை சொல்லப்படுவதற்கு வேர் இதுதான். நூற்பா வழிபாட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சடங்கு ஒன்றைக் காட்டி அந்தப் பெயரைக் கரையில் நிலைநிறுத்தியவர், 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் காட்டும் சடங்கு அவர் சொல்லும் தெய்வத்துக்கு உரியதுதானா?

அவர் விளக்கம் இப்படிப் போகிறது: வலைவளம் தப்பும்போது நுளையர் குலப் பெண்கள் சுற்றத்தோடு கூடிச் சுறாவின் கொம்பை நட்டு, பரவி, கடன் கொடுப்பர், அங்கே வருணன் வெளிப்படுவான். சான்று பட்டினப்பாலையை நினைவூட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலன் மீது பாடிய 301 அடிப் பாட்டு அது. நச்சினார்க்கினியர் அதற்கும் உரை கண்டவர். அந்த உரையோடு பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். ஆகவே பாட்டில் என்ன இருக்கிறது என்பது உரையாசிரியருக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டை நெருங்கிப் பார்த்தால் காட்சி வேறு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நடுகிறார்கள். அதில் குடியேற்றப்பட்டது வலிமை மிக்க ஓர் அணங்கு. தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்து, தழையுடுத்த பெண்களோடு உண்டு விளையாடுகிறார்கள். அன்று உவா நாள். யாரும் கடலுக்குப் போகவில்லை. வலை பொய்த்ததாக ஒரு சொல் இல்லை. பெண்கள் கூடிப் பரவுவதும் இல்லை. தெய்வத்துக்குப் பெயரும் இல்லை. நச்சினார்க்கினியர் சொல்லும் மூன்றுமே, அதாவது குறையுற்ற வேளை, பெண்கள் நடத்தும் சடங்கு, வருணன் என்ற பெயர் ஆகியவை, பாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவை.

அந்தக் கொம்பு சாதாரணச் சுறாவினுடையதாக இருக்க முடியாது; சுறாவுக்குக் கொம்பு கிடையாது. இருபுறமும் பல் வரிசை கொண்டு வாள்போல் நீண்ட மூக்குடைய வேளா மீனையே கவிஞர் சொல்கிறார் என்று கொள்வது பொருத்தம். வேளா குட்டி ஈனும் இனம். ஆகவே சினைச்சுறா என்பது வெறும் அடைமொழியாகத் தோன்றவில்லை. கரையில் மீனை அறுத்துப் பார்த்தவர்களின் அறிவு அதில் இருக்கிறது. தெய்வம் வானிலிருந்து இறங்கவில்லை, அவர்கள் பிடித்த மீனின் உறுப்பிலேயே உறைகிறது. வேதத்தின் வருணனோ ஒழுங்கைக் காக்கும் அரசன். இவ்விரண்டையும் ஒன்றாக்கப் பாட்டில் இடமில்லை.

பிறகு நச்சினார்க்கினியர் ஏன் இணைத்தார்? அதே நூற்பா உரையில் மற்ற நிலங்களுக்கும் அவர் இப்படியே செய்கிறார். குறிஞ்சியில் வெறியாட்டு, அங்கே முருகன் வெளிப்படுவான். முல்லையில் குரவை, அங்கே மாயோன். மருதத்தில் விழவு, அங்கே இந்திரன். நான்காவது கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பக் கிடைத்த பொருள் சுறாக் கொம்பு.

பெயர் சொல்லாத அணங்கு வருணனாகவே இருக்கலாமே என்று எதிர்வாதம் வரக்கூடும். இந்த இடத்தில் சான்று மெலிந்துதான் இருக்கிறது. ஆனாலும் இருக்கும் சான்றுகள் மறுபக்கமே சாய்கின்றன. அகநானூற்றின் 370ஆம் பாட்டில் கடற்கரையில் நிற்கும் தெய்வம் ஒரு பெண். மணிமேகலைக் காப்பியத்தில் புகாரைக் கடல் கொள்வதற்குக் காரணம், இந்திர விழா நின்றதும் அதனால் நேர்ந்த சாபமும். கடலில் காக்கும் தெய்வமாக வருபவள் மணிமேகலா. ஒரு பெருநகரையே கடல் விழுங்கும் கதையில் கடலின் அதிபதிக்கு வேலையில்லை என்றால், அவன் கரையில் வேரூன்றியவன் என்று எப்படிச் சொல்வது?

ஒப்பிட்டுப் பார்க்கக் கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடன் இங்கே உதவுகிறான். பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, சுமார் கி.மு. 1200ஐச் சேர்ந்த களிமண் பலகைகளில் அவன் பெருங்காணிக்கை பெறும் தெய்வம். கடலோடு அவனை இணைக்கும் தெளிவான குறிப்பு அவற்றில் இல்லை. ஒடிசி காவியத்திலோ கடலையே கிளறி ஒடிசியஸின் தெப்பத்தை உடைக்கிறான். அதே காவியத்தின் 11ஆம் பகுதியில், துடுப்பு ஒன்றைத் தோளில் சுமந்து, கடலை அறியாத உள்நாட்டு மக்களிடம் போய் அங்கே நட்டு, கிடா, காளை, பன்றி பலியிடுமாறு ஒடிசியஸுக்குச் சொல்லப்படுகிறது. கடலின் கருவியை நிலத்தில் நடுவது சுறாக் கொம்பை நினைவூட்டினாலும் திசை வேறு. அங்கே கடல் தெய்வத்தின் புகழ் உள்நாட்டுக்குப் போகிறது, கோபமும் அதிகாரமும் குறையாமல்.

தமிழில் உள்நாட்டுக்கு வந்த வருணன் அப்படி வரவில்லை. வான்மீகியில் இராமன் முன் வருபவன் கடலரசன்; கம்பன் அந்த இடத்தில் வருணனை நிறுத்துகிறான். அம்புக்கு அஞ்சி வந்து மன்னிப்புக் கேட்டு வழிவிடுகிறான் அவன். இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு படி. அவ்வூர் ஆண்டாளின் திருப்பாவை 4ஆம் பாட்டில் மழைக்கு உரியவன் கடலுக்குள் புகுந்து நீர் முகந்து வரப் பணிக்கப்படுகிறான். உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளை அவனைப் பர்ஜன்யன் என்கிறார். இன்றைய மார்கழிச் சொற்பொழிவுகளில் வருணன் என்றும் கேட்கலாம். இங்கே கடல் ஓர் ஏரியின் நிலைக்கு வந்துவிட்டது. 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது கடற்கரை இல்லாமல் அமைந்தது விருதுநகர் மாவட்டம். மழை குறைந்த வறண்ட காற்று சிவகாசியின் பட்டாசுத் தொழிலுக்கு உதவியது. மானாவாரிக் கரிசலுக்கோ மழைதான் உயிர். 2019 கோடையில் மழை வேண்டி வருண ஜெபம் நடத்துமாறு இந்து சமய அறநிலையத் துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது அழைக்கப்பட்டவன் இந்த மழை வருணனே. கரையில் கொம்பு நட்ட பரதவரின் அணங்குக்கும் அவனுக்கும் உறவு தேடுவது வீண்.

காலக்கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. திருப்பாவையின் 13ஆம் பாட்டிலுள்ள வெள்ளி, வியாழன் குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் அதன் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். 9ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. தொல்காப்பியத்தின் காலத்தில் இழுபறி அதைவிடப் பெரிது. அகத்திணையியல் அடங்கிய பொருளதிகாரம் பட்டினப்பாலைக்கு முந்தியது என்றால், வருணன் பெயர் நூலில் இருந்தும் பாட்டுக்குள் நுழையவில்லை என்றாகும். பிந்தியது என்றால், புதிய பெயரை நூற்பாவே கொண்டு வந்தது என்றாகும். இரண்டில் எது என்று இப்போதுள்ள சான்றுகளால் முடிவு கட்ட இயலாது. எதுவானாலும், கொம்பையும் பெயரையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு நச்சினார்க்கினியருடையது.