217, 248: பொய்ப் புகாருக்கு இரண்டு பிரிவுகள்

வரப்புத் தகராறில் ஆத்திரம் தீராத ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய், பக்கத்து நிலத்துக்காரர் பெயரைச் சொல்லி, ‘என் மனைவி கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்’ என்று எழுதிக் கொடுக்கிறார். இன்னொருவர் கடன்காரருக்குப் பதில் சொல்ல வழியில்லாமல், ‘ஊருக்கு வெளியே யாரோ அடித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று புகார் தருகிறார். யார் பெயரையும் சொல்லவில்லை. இரண்டும் கட்டுக்கதை. ஆனால் சட்டம் இவற்றை ஒரே குற்றமாகப் பார்ப்பதில்லை.

இரண்டாவது கதை ஏறக்குறைய சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 182, தன் உதாரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது: ஒரு கிராமத்துக்கு அருகே தன்னைத் தாக்கிக் கொள்ளையடித்ததாக ஒருவன் போலீஸ்காரரிடம் பொய் சொல்கிறான், ஆளைக் குறிப்பிடவில்லை, ஆனாலும் போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து விசாரிக்கும், வீடுகளைச் சோதனை போடும், ஊரார் அவதிப்படுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அது போதும். அரசு ஊழியர் ஒருவரின் அதிகாரத்தைப் பொய்யால் தவறான திசையில் ஏவிவிடுவதுதான் இங்கே குற்றம். அவதிப்பட்டவர்கள் இந்தப் பிரிவின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

முதல் கதை 248-ஆம் பிரிவுக்குரியது, பழைய 211. ஒருவருக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு, நியாயமான காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்தே அவர்மேல் குற்றம் சுமத்துவது அல்லது வழக்குத் தொடுப்பது. இங்கே பெயர் இருக்கிறது, பகை இருக்கிறது, சிறைக்குப் போகக்கூடிய ஒரு மனிதர் இருக்கிறார். அதனால் தண்டனையும் கூடுதல்.

புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் இரண்டு தண்டனைகளுமே ஏறியிருக்கின்றன. 182-இல் 6 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றிருந்தது, 217-இல் ஓராண்டு, 10,000 ரூபாய் என்று ஆகிவிட்டது. 211-இல் பொதுவாக 2 ஆண்டு வரை இருந்த சிறை, 248-இல் 5 ஆண்டு. அபராதம் 2 லட்சம் வரை. சுமத்திய பொய்க் குற்றம் மரண தண்டனைக்கோ, ஆயுள் தண்டனைக்கோ, 10 ஆண்டும் அதற்கு மேலுமான சிறைக்கோ உரியதானால், பொய் சொன்னவருக்கு 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும். சங்கிலிப் பறிப்புக்கு 304-ஆம் பிரிவில் உச்ச தண்டனை 3 ஆண்டுதான். பறித்ததாக அடுத்தவரைப் பொய்யாக மாட்டிவிட்டவருக்கோ 5 ஆண்டு வரை போகலாம்.

தண்டனை அளவை விட முக்கியமான வேறுபாடு, வழக்கைத் தொடுக்கும் உரிமை யாருக்கு என்பதில் இருக்கிறது. 217-இல் பாதிக்கப்பட்டவர் நேரே நீதிமன்றம் போக முடியாது. பொய்த் தகவலைப் பெற்ற அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ அவர் அதிகாரம் அளித்த வேறொரு அரசு ஊழியரோ எழுத்துமூலம் புகார் தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. தௌலத் ராம் வழக்கில், தாசில்தாரிடம் பொய்த் தகவல் தந்ததற்காக விழுந்த தண்டனையை 1962-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் ஒன்றே: தாசில்தார் தாமே புகார் தரவில்லை, போலீஸ்தான் குற்றப்பத்திரிகை போட்டிருந்தது. 248-இல் நிலைமை வேறு. விஷயம் எந்த நீதிமன்ற நடவடிக்கையையும் எட்டாதவரை, குற்றம் சுமத்தப்பட்டவரே தனிப் புகார் போடலாம். எட்டிவிட்டால் அந்த நீதிமன்றம்தான் புகார் தர வேண்டும். ஜாமீன் நடவடிக்கை நடந்தாலே இந்தத் தடை வந்துவிடும் என்று 2011-இல் அப்துல் ரஹ்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, கைதாகி ஜாமீனில் வந்தவர், அதாவது மிக அதிகமாக அடிபட்டவர், நீதிமன்றம் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இரண்டு பிரிவுகளும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பேச்சில் அதுதான் அதிகம் குழம்புகிறது. வழக்கு நிரூபணமாகவில்லை என்பதும் புகார் பொய் என்பதும் ஒன்றல்ல. ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று போலீஸ் வழக்கை முடித்து, முடித்ததைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸைப் புகார்தாரர் கையில் கொடுத்துவிட்டால், ‘பார், பொய்க் கேஸ்’ என்று எதிராளி தெருவில் நின்று சொல்கிறார். ஆனால் 217-க்கும் 248-க்கும், சொன்னவருக்கு அது பொய் என்று தெரிந்திருந்தது என்பதைத் தனியாக நிரூபித்தாக வேண்டும். சாட்சி பிறழ்ந்தது, விசாரணை சொதப்பியது, ஆள் அடையாளம் தப்பியது எதுவும் அந்த நிரூபணம் ஆகாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி 2018-இல் விதித்த கட்டுப்பாடுகளை உச்ச நீதிமன்றமே 2019-இல் திரும்பப் பெற்றதும் இந்த வேறுபாட்டை ஒட்டித்தான். புகாரோடு வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் ‘பொய்னு தெரிஞ்சா உன் மேலேயே கேஸ் போடுவேன்’ என்று மிரட்டி அனுப்புவதற்கு இந்த இரண்டு பிரிவுகளில் எதுவும் இடம் தரவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் வந்த தீர்ப்பு. போக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பொய்ப் புகார் தந்தது குழந்தையானால் தண்டனையே கூடாது என்கிறது.

காலக்கெடுவிலும் இரண்டும் பிரிகின்றன. 217-இன் உச்ச தண்டனை ஓராண்டுதான் என்பதால், வழக்கை நீதிமன்றம் ஏற்க ஓராண்டே கெடு. தாமதத்தை நீதிமன்றம் மன்னித்தால்தான் உண்டு. பழைய 211-இன் முதல் பகுதிக்கு 3 ஆண்டுக் கெடு இருந்தது. 248-இல் சிறை 5 ஆண்டாக ஏறியதால் அந்தக் கெடுவே இல்லாமல் போய்விட்டது. சாதாரண வழக்கில் விடுதலை ஆகவே ஐந்தாறு வருடம் ஓடிவிடும் நாட்டில், இது பெயர் கெட்டவருக்குக் கிடைத்த உண்மையான லாபம். ஆனால் 2024 ஜூலை 1-க்கு முன் கொடுத்த பொய்ப் புகார்களுக்குப் பழைய பிரிவும் பழைய கெடுவும்தான்.